“ஒண்ணும் பண்ணாதுங்க, உள்ள வாங்க”: நாய் இருக்கும் வீட்டுக்கு விருந்து போகும்போது

கேரள எல்லையோரத்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் தோப்புக்கு நடுவே இருக்கும் வீடுகளுக்குக் கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சொந்தக்காரர்கள் போய்வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பத்திரிகை வைக்க, சீர் கொடுக்க, விஷுவுக்கு, ஓணத்துக்கு. கேட்டருகே போனதும் நாய் ஓடிவரும். திண்ணையிலிருந்து வீட்டுக்காரர், “ஒண்ணும் பண்ணாதுங்க, உள்ள வாங்க” என்பார். வந்தவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே சிரிப்பார். நாய் பட்டுச்சேலைமேல் இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி வைக்கும். “உங்களைப் பிடிச்சுப்போச்சு அதுக்கு” என்பார் வீட்டுக்காரம்மா. முழங்கையில் நகம் கிழித்திருக்கும். வந்தவர் அதை முந்தானையால் மூடிக்கொள்வார்.

அந்த முந்தானைக்குத்தான் நான் பயப்படுகிறேன். நாயின் பழக்கத்தைத் திருத்தலாம், சேலையைச் சரிசெய்யலாம். வீட்டார் மனம் கோணுமே என்று மறைத்த கீறல் ரேபிஸாக, அதாவது வெறிநோயாக, மாறிவிட்டால் அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. 2022-ல் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மாணவியைப் பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் கடித்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டும் ஒரு மாதத்தில் அவர் இறந்துபோனார். வீட்டு நாய்தானே என்ற நினைப்புக்கு அந்த ஒரு சாவு போதும்.

கூச்சத்தை முதலில் ஒதுக்க வேண்டிய இடம் போன். கிளம்பும் முன்பே, “மாமா, நாயைக் கொஞ்சம் கட்டிவைக்கச் சொல்லுங்க, குழந்தைகள் கூட வர்றாங்க” என்று சொல்லிவிட வேண்டும். மலையாளக் குடும்பமாக இருந்தால், “சேட்டா, பட்டியெ ஒந்நு கெட்டியிடாமோ?” என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டருகில் போய் நின்றுகொண்டு சொல்வதுதான் சங்கடம், ஏனென்றால் அப்போது நாய் ஏற்கெனவே சூடேறியிருக்கும், கட்டப்போகிறவர் அதைத் துரத்திக்கொண்டு வாசலைச் சுற்ற வேண்டியிருக்கும். வீட்டாரும் இதை விருந்தாளி கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. “நம்ம வீட்ல நாய் இருக்கு, கட்டிடறோம், வந்து ஹாரன் அடிங்க” என்று அவர்களே முந்திக்கொண்டால் பாதிச் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடும். பயம் மட்டும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர், தொழுகைக்குப் போக வேண்டியவர், நாய் முடி பட்டால் மூச்சு இழுக்கும் ஆஸ்துமாக்காரர் என எல்லாருக்கும் நாயின் எச்சிலும் முடியும் மேலே படாமல் இருப்பது முக்கியம்.

எந்த நாய் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. மேலே தாவும் லாப்ரடாருக்குப் பெரும்பாலும் ஆசைதான், அதன் எடைதான் பிரச்சினை. வளர்ந்த நாய் 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். முட்டி தேய்ந்த பாட்டியைக் கீழே தள்ள அது போதும். கோம்பை, ராஜபாளையம் போன்ற நம் காவல் நாய்களின் கணக்கு வேறு. வீட்டாரைத் தவிர மற்றவரைச் சந்தேகப்படுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தவை அவை. அவற்றை வந்தவரிடம் பழக்கிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. விருந்து முடியும்வரை கூட்டில் இருக்கட்டும்.

கேட்டருகே செய்யக் கூடாதவை சில. மழைக்காலத்தில் குடையைக் கேட்டுக்கு வெளியிலேயே மடக்கிவிடுங்கள். நாயின் முகத்துக்கு எதிரே படீரென்று மடங்கும், விரியும் குடையைப் பார்த்து, பழகிய நாய்கூட மிரளும். ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் வெளியிலேயே கழற்றுங்கள். அவற்றைப் போட்டிருந்தால் ஆளின் உருவமே மாறிப்போகிறது, போன மாதம் வாலாட்டிய நாய் இந்த மாதம் குரைக்கும். தாம்பூலத் தட்டைத் தலைக்குமேல் தூக்காதீர்கள். உயரே போகும் பொருளைப் பார்த்துத்தான் நாய் தாவுகிறது. தட்டு நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும்.

நாய் கட்டாமல் இருந்து ஓடிவந்துவிட்டால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். கையில் பை இருந்தால் அதை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடியுங்கள். கத்துவதும் கையை உதறுவதும் அதை இன்னும் ஏற்றிவிடும். கீழே தள்ளிவிட்டால் முட்டியை வயிற்றோடு சுருட்டி, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே இரண்டு மூன்று முறை விளையாட்டாகச் செய்துகாட்டிவிட்டுக் கூட்டிப்போவது நல்லது.

வாலாட்டுகிறதே என்று நம்ப வேண்டாம். வால் தளர்வாக, இடுப்போடு சேர்ந்து குழைந்து ஆடினால் அது சந்தோஷம். வால் செங்குத்தாக நின்று, விறைப்பாக, வேகமாகத் துடித்தால் அது பரபரப்பு, அடுத்தது எதுவாகவும் இருக்கலாம். பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது எல்லாம் ‘என்னை விடு’ என்று அது கெஞ்சுவது. அதையும் மீறித் தடவினால் உடம்பு அப்படியே உறையும். அந்த உறைதலுக்கும் கடிக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம்தான். உறுமுகிற நாயைவிட உறைகிற நாய்க்கு அதிகம் பயப்படுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்ததும் வருவது பெரிய தர்மசங்கடம்: நாய் நேராக வந்து மடியில் மூக்கை நுழைக்கும். வீட்டார் பார்க்காததுபோல் இருப்பார்கள், வந்தவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. மனித உடம்பில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள சில வியர்வைச் சுரப்பிகளின் வாசனையிலிருந்துதான் வந்தவர் யாரென்று நாய் படிக்கிறது, அந்த இடம் அதன் மூக்குக்கு எட்டும் உயரத்திலும் இருக்கிறது. கையால் தள்ளினால் விளையாட்டு என்று நினைத்துத் திரும்ப வரும். காலைச் சேர்த்துப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், பையையோ தட்டையோ மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டாரிடம், “கொஞ்சம் கூப்பிட்டுக்கங்க” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அதட்ட வேண்டியது அவர்கள் வேலை. எல்லையோர வீடுகளில் சில நாய்களுக்கு ‘இரிக்கு’, ‘கிடக்கு’ என்று மலையாளத்தில் பழக்கியிருப்பார்கள், சிலதுக்கு ‘சிட்’. வந்தவர் ‘உட்காரு’ என்று எத்தனை முறை சொன்னாலும் அதற்குப் புரியாது.

செருப்பைப் படியில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் வாசனை முழுக்க அதில்தான் இருக்கிறது, குட்டி நாய்க்கு அதைவிட நல்ல பொம்மை இல்லை. எடுத்துக்கொண்டு ஓடினால் துரத்தக் கூடாது, வாயிலிருந்து பிடுங்கவே கூடாது. கறித்துண்டையோ ரொட்டித்துண்டையோ வீட்டுக்காரர் ஐந்தாறடி தள்ளிப் போட, அது அங்கே போனதும் செருப்பை எடுத்துக்கொள்ளலாம். பையின்மேல் காலைத் தூக்கிவிட்டால், அதில் வேறு நாயின் வாசனை ஒட்டியிருக்கலாம், ஆண் நாய்க்கு அது சவால். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கேரளத்தில் புதிதல்ல. அந்தக் கிருமி நாயின் மூத்திரத்தின் வழியாகவும் பரவும். எனவே வெறுங்கையால் துடைக்காமல், கையுறையோ பிளாஸ்டிக் உறையோ மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பட்டுச்சேலையில் நகம் மாட்டி இழை வெளியே வந்தால் அதைக் கத்தரிக்காதீர்கள், டார்னிங் செய்பவர் உள்ளே இழுத்துவிடுவார். அந்தச் செலவை வீட்டார் தாங்களாகவே கேட்டு ஏற்றுக்கொள்வதுதான் முறை.

சாப்பாட்டு நேரத்தில் நாய் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பாயசத்தில் கிடக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வடையிலும் குழம்பிலும் உள்ள வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாவம் பார்த்து இலையிலிருந்து போடும் விருந்தாளி அந்த வீட்டுக்கு வைத்தியச் செலவை வைத்துவிட்டுப் போகிறார். அதோடு, எலும்போடு மேசைக்கடியில் படுத்திருக்கும் நாய்ப்பக்கம் தவழும் குழந்தை போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கப் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தோட்டத்துச் சாளைகளில் நாயைப் பகலில் சங்கிலியில் போட்டு இரவில் அவிழ்த்துவிடுவார்கள். பகல் முழுக்கக் கட்டிக்கிடந்த நாய்க்கு இரவில் வாசலில் நடக்கும் புது ஆள் யாரென்று தெரியாது. கழிப்பறை வெளியே இருக்கிற வீடு என்றால், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரர் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு விருந்தாளியோடு வாசலை ஒருமுறை சுற்றி வரட்டும். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் உள்ளிருந்தே வீட்டாரை எழுப்புங்கள், டார்ச்சைத் தரையில் அடியுங்கள், நாயின் கண்ணில் அல்ல. நெம்மாறை-வல்லங்கி ‘வேல’ திருவிழா வாணவேடிக்கை நடக்கும் மீன (பங்குனி) மாதம் 20-ஆம் தேதியை ஒட்டியும், விஷு வெடியின்போதும் அந்தப் பக்கத்து நாய்கள் சத்தத்தில் நடுங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் எவ்வளவு சாதுவான நாயையும் தொடாதீர்கள்.

இனி வீட்டாருக்கு. தாவுகிற நாயைத் தாவ வைத்தது வீட்டிலிருப்பவர்கள்தான். குட்டியாக இருக்கும்போது தாவினால் கொஞ்சுகிறோம், வளர்ந்ததும் அதையே செய்தால் அடிக்கிறோம். நாய்க்குத் தேவை நம் கவனம். “இறங்கு, இறங்கு” என்று கத்துவதும், கையால் தள்ளுவதும்கூட அதற்குக் கவனம்தான். மார்பில் முட்டியால் இடிப்பது, பாதத்தை மிதிப்பது என்று பழைய யோசனைகள் உண்டு. அவை நாயைக் காயப்படுத்தும், ஆள் வந்தால் வலி வரும் என்று கற்றுக்கொடுக்கும். உறுமும்போது அடித்தால் உறுமலை மட்டும் விட்டுவிடும், பிறகு எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

செய்ய வேண்டியது இது. கேட்டிலிருந்து பத்தடியாவது தள்ளித் திண்ணை ஓரத்தில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நாய் சாக்கின்மேல் நான்கு காலையும் வைத்ததும் ஒரு துண்டு, சாக்கின் மேலேயே போட வேண்டும், கையில் காட்டி இழுக்கக் கூடாது. ஒருமுறைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. அது தானாகவே சாக்குக்குப் போகத் தொடங்கிய பிறகு, அதன்மேல் இருக்கும் நேரத்தை மூன்று விநாடி, ஐந்து, பத்து என்று நீட்டுங்கள். அடுத்து, யாரும் வராதபோதே அழைப்பு மணியை அடித்து அதைச் சாக்குக்கு அனுப்புங்கள். மணி என்றால் ஓடிப்போய்க் குரைப்பது என்ற பழைய கணக்கு அழியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்புறம் வீட்டு ஆளே வெளியே போய் மணியடித்து உள்ளே வரட்டும், பிறகு பக்கத்து வீட்டுக்காரர். இவ்வளவும் தேறிய பிறகுதான் விருந்தாளி.

தாவினால் என்ன செய்வது? பேசாமல், தொடாமல், பார்க்காமல் முதுகைத் திருப்புங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்தக் கணமே குனிந்து தடவுங்கள். முதல் சில நாட்களில் தாவல் குறையாது, கூடும். இதுவரை பலித்த வேலை திடீரென்று பலிக்காதபோது அது இன்னும் பலமாக முயன்றுபார்க்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ‘இது திருந்தாது’ என்று கைவிடுகிறார்கள். கைவிட்டால் பலமாகத் தாவினால் பலிக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். வீட்டில் ஐந்து பேர் ஒழுங்காக இருந்து, தாத்தா ஒருவர் மட்டும் சாயங்காலம் தாவவிட்டுக் கொஞ்சினாலும் அத்தனையும் வீண். எப்போதோ ஒருமுறை பலிக்கும் பழக்கத்தை நாய் லேசில் விடாது. தாத்தாவிடம் இதை மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

விருந்து நாளன்று பாடம் நடத்த வேண்டாம். ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அரைமணி நேரமாவது நடத்திக் கூட்டி வாருங்கள், பிறகு உள்ளறையிலோ கூட்டிலோ விடுங்கள். தட்டையான எவர்சில்வர் தட்டில் உப்பில்லாத தயிர்ச்சோற்றைப் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரம் நக்கிக்கொண்டே கிடக்கும். சிரட்டையில் வைக்காதீர்கள், கடித்து விழுங்கினால் சில்லு குத்தும். விருந்தாளிகள் உட்கார்ந்து, சத்தம் அடங்கி, கால்மணி நேரம் ஆன பிறகு, அவர்கள் சரி என்றால் மட்டும், கயிற்றில் பிடித்துக் கூட்டி வரலாம். கயிறு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நாய் நிற்கத் தளர்வாகவும் தாவ முடியாத அளவுக்குக் குட்டையாகவும் இடம்விட்டு அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே ரத்தநாளம் ஓடுகிறது, கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது, எனவே துளித்துளியாக வெட்ட வேண்டும். மழுங்கிய நகம் பாதிக் கீறலைத் தடுத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கீறியோ கடித்தோ விட்டால், அந்த நொடியே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குழாயடிக்குப் போக வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். குளியல் சோப்பே போதும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைத்துவிடும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். காயத்தை இறுக்கிக் கட்டவோ, அவசரத்துக்குத் தையல் போடவோ கூடாது. தோல் கிழியாத இடத்தில் நக்கினால் கழுவினாலே போதும். ரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கீறல், கடி, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவற்றுக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் காப்பது காயத்துக்குள்ளேயே செலுத்தும் இந்த இம்யூனோகுளோபுலின்தான். முதல் நாளே போடுவது நல்லது. முடியாவிட்டால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள்ளாவது போட வேண்டும். சின்ன சுகாதார நிலையத்தில் அது இருப்பில் இல்லாவிட்டால், தடுப்பூசியை அங்கேயே தொடங்கிவிட்டு அன்றைக்கே தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசியையும் கேளுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதற்காக இவற்றில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லையோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. முதல் ஊசியைக் கேரளத்தில் போட்டு மீதியைப் பொள்ளாச்சியில் போடப் போகிறீர்கள் என்றால் சீட்டைக் கையோடு வாங்கி வாருங்கள். தோலுக்குள் போடும் முறையில் இரண்டு கைகளிலும் 0.1 மி.லி. வீதம், 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. எந்த முறையில் தொடங்கினார்களோ அதிலேயே முடிக்க வேண்டும். அது சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரள ஊராட்சிகளில் நாய் வளர்க்க 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். வளர்க்கும் பிராணியால் ஆளுக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தத்துக்குள் யாரும் போலீசுக்குப் போகப்போவதில்லை. ஆனால் வீட்டார் தாங்களாகவே செய்ய வேண்டியவை உண்டு. மருத்துவமனைக்குத் தங்கள் வண்டியிலேயே கூட்டிப்போக வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து பத்து நாள் நாயைக் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும், யாருக்கும் கொடுத்துவிடவோ தொலைவில் கொண்டுபோய் விடவோ கொல்லவோ கூடாது. நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னாலிருந்துதான் எச்சிலில் வைரஸ் இருக்கும். பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருக்கவில்லை என்று பொருள். சாப்பிட மறுப்பது, குரைக்கும் குரல் மாறுவது, வாய் தொங்கி எச்சில் வடிவது, காரணமில்லாமல் பாய்வது, இருட்டில் போய் ஒடுங்குவது இதில் எது தெரிந்தாலும் உடனே கால்நடை மருத்துவரையும் கடிபட்டவரையும் கூப்பிட வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் தினம் ஒரு போன் செய்து, நாய் சாப்பிட்டது, நடமாடுகிறது என்று சொல்லுங்கள். பத்தாம் நாள் சொல்லும் தகவலை வைத்து, மீதி ஊசி எப்படி என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.